வேட்பாளர் தரும் சுற்றுச்சூழல் வாக்குறுதியை எழுத்தில் வாங்குவது எப்படி?

எங்கள் ஊர் ஏரியின் கலங்கலுக்கு (உபரி நீர் வழியும் இடம்) பக்கத்தில் பிரசார வண்டியை நிறுத்தி, "இந்த ஏரியைக் காப்பாற்றுவது என் பொறுப்பு" என்று ஒரு வேட்பாளர் சொன்னபோது கூட்டத்தில் நின்று நானும் கை தட்டினேன். அவர் ஜெயித்தார். மூன்றாவது வருடம் ஏரிக்குப் பணமும் வந்தது. கரையை உள்பக்கமாக அகலப்படுத்தி நடைபாதை போட்டார்கள். கம்பி வேலி, அலங்கார விளக்கு, சிமென்ட் பெஞ்சு எல்லாம் வந்தன. தண்ணீர் நிற்கும் பரப்பு அந்த அளவுக்குக் குறைந்தது. வடக்கு மூலையில் வந்து விழும் சாக்கடை மட்டும் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. போய்க் கேட்டோம். "ஏரியைக் காப்பாற்றுகிறேன் என்றேன், மேம்பாட்டுப் பணி செய்து கொடுத்துவிட்டேனே" என்றார். அதை மறுத்துப் பேச எங்கள் கையில் ஒரு காகிதம் கிடையாது.

அடுத்த தேர்தலுக்கு ஊரில் பத்துப் பேர் சேர்ந்து முன்கூட்டியே இறங்கினோம். எந்த அலுவலகத்தில் என்ன கேட்பது, எதை எப்போது கேட்பது என்று தெரியாமல் நிறைய நாள் வீணானது. உங்களுக்கு அந்த நாட்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலை மனத்தில் வைத்து எழுதியது. நாடாளுமன்ற, உள்ளாட்சித் தேர்தல்களுக்கும் அடிப்படை இதேதான், அலுவலகங்கள் மட்டும் மாறும்.

1. ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், சர்வே எண்ணோடு

"சுற்றுச்சூழலைப் பாதுகாப்பேன்" என்று சொல்லாத வேட்பாளர் இல்லை. அந்த வாக்கியத்தை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. உங்கள் தொகுதியில் ஒரு ஏரி, ஒரு ஓடை, ஒரு குப்பைக் கிடங்கு, ஒரு குவாரி என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் ஏழு கோரிக்கைகள் எழுதினோம். ஏழையும் வாங்கிக்கொண்டு எல்லா வேட்பாளர்களும் தலையாட்டினார்கள். ஒன்றாகக் குறைத்த பிறகுதான் உட்கார்ந்து பேசினார்கள்.

அந்த இடத்துக்கு மூன்று ஆவணங்கள் வேண்டும்: 'அ' பதிவேட்டு நகல் (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் (அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடம்), கிராம வரைபடம். 'அ' பதிவேட்டு விவரத்தை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். சர்வே எண் தெரியாவிட்டால் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கிராம வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பதிவேட்டில் நில வகைப்பாட்டைக் கவனமாகப் படியுங்கள். 'ஏரி', 'ஓடை', 'வாய்க்கால்' என்று இருந்தால் நல்லது. வெறும் 'அரசு புறம்போக்கு' என்றோ 'அனாதீனம்' (உரிமையாளர் இல்லாத நிலம்) என்றோ இருந்தால் அந்த இடம் நீர்நிலை இல்லை என்று நாளைக்கு யாராவது வாதாட வழி இருக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்வதே உங்கள் கோரிக்கையாக இருக்கலாம். எல்லை எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையின் பள்ளிக்கரணையைப் பாருங்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சதுப்பு நிலம் அது. அதற்குப் பிறகும் எது வரை சதுப்பு நிலம், எங்கே கட்டலாம் என்ற கேள்வி பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

ஒரு பொறி: ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரும் பதிவேட்டுப் பெயரும் வேறாக இருக்கும். நாங்கள் 'பெரிய ஏரி' என்று அழைப்பது பதிவேட்டில் வேறு பெயரில் இருந்தது. பக்கத்துக் கிராமத்தில் நிஜமாகவே ஒரு 'பெரிய ஏரி' இருந்தது. எங்கள் முதல் மனு அந்த ஏரியின் கோப்பில் போய்ச் சேர்ந்து நான்கு மாதம் அங்கேயே கிடந்தது. அதனால் எல்லாக் காகிதத்திலும் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இருக்கட்டும்.

படங்களும் எடுத்து வையுங்கள். கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று எடுங்கள். கோடையில் ஏரிக்குள் நீர் வருகிறது என்றால் அது சாக்கடை நீர்தான் என்பதைப் படமே சொல்லிவிடும்.

2. கேட்பது அவர் அதிகாரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்

எங்கள் நேரம் அதிகம் வீணானது இதில்தான். எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது வேறு, எம்.பி.யிடம் கேட்க வேண்டியது வேறு, கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது வேறு.

தெருக்குப்பை, கழிவுநீர் வாய்க்கால், குப்பைக் கிடங்கு ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பு. ஏரி என்றால் ஆயக்கட்டை, அதாவது அது பாசனம் தரும் நிலப்பரப்பைப் பாருங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். தொழிற்சாலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அது மாநில அரசின் கீழ் வருவது. பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி, காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கொடுப்பது, எண்ணெய் எரிவாயு உரிமம் போன்றவற்றில் கடைசிச் சொல் பெரும்பாலும் ஒன்றிய அரசிடம் இருக்கிறது.

காவிரி டெல்டாவில் இது கண்ணெதிரே நடந்தது. ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) உரிமம் கொடுப்பது ஒன்றிய அரசு. ஆனால் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது மாநிலச் சட்டமன்றம். ஆக, அந்தப் பகுதியில் எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் "உரிமத்தை ரத்து செய்வீர்களா?" என்று கேட்டால் "மத்தியில் பேசுகிறேன்" என்று நழுவிவிடலாம். "இந்த வட்டத்தையும் மண்டலச் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கோருவீர்களா?" என்று கேட்டால் நழுவ இடமில்லை.

எம்.எல்.ஏ. கையில் நேரடியாக இருப்பவை இவைதான்: பேரவையில் வினா எழுப்புவது, மானியக் கோரிக்கை (துறைகளுக்கான நிதி ஒதுக்கீடு) விவாதத்தில் பேசுவது, ஆட்சியரிடமும் துறைகளிடமும் எழுதிக் கேட்பது, அப்புறம் தொகுதி மேம்பாட்டு நிதி. அந்த நிதி தமிழ்நாட்டில் வருடத்துக்கு 3 கோடி ரூபாய். ஒரு ஓடைக்கு அது பெரிய பணம், ஒரு ஆற்றுக்கு ஒன்றுமே இல்லை. கோரிக்கையை அந்த அளவுக்குள் வையுங்கள்.

3. ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள், குறைந்தது ஆறு மாதம் முன்னால்

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் மறுபடி நிற்கிறார் என்றால் அவருடைய ஐந்து வருடக் கணக்கு அரசு அலுவலகங்களில் காகிதமாகவே இருக்கிறது. எடுத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 30 நாள், காரணம் எழுதிவைத்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். கூட்டிப் பாருங்கள், இரண்டு மூன்று மாதம் போய்விடும். தேர்தல் நெருங்கிவிட்டால் பாதி ஊழியர்கள் தேர்தல் பணியில் இருப்பார்கள், பதில் இன்னும் தாமதமாகும். ஆறு மாதம் என்று நான் சொல்வது அதனால்தான்.

கேட்க வேண்டியவை:

மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடம், உங்கள் தொகுதியின் மேம்பாட்டு நிதியில் ஐந்து வருடமாகப் பரிந்துரைக்கப்பட்ட பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தொகை. (சென்னை என்றால் மாநகராட்சியிடம் கேளுங்கள்.) இந்தப் பட்டியல் கைக்கு வந்ததும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீர்நிலை, வடிகால், குப்பை, மரம் என்று வருபவற்றை ஒரு பக்கம் குறியுங்கள். அவற்றிலும் தூர்வாரியது எது, கல் பதித்தது எது என்று பிரித்துப் பாருங்கள். எங்கள் தொகுதிப் பட்டியலில் ஏரி என்ற சொல் ஆறு இடத்தில் வந்தது. ஆறும் ஏரிக்கரைச் சாலை, ஏரிக்கரை விளக்கு, ஏரிக்கரைத் தெருவில் நிழற்குடை என்றே இருந்தன. தண்ணீருக்கு என்று ஒரு ரூபாய்கூட இல்லை.

ஆட்சியர் அலுவலகத்திடம், 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக உங்கள் எம்.எல்.ஏ. கொடுத்த பத்துக் கோரிக்கைகளின் நகல். 2022-இல் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் தங்கள் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டார்கள். பத்தில் ஒன்றாவது நீர்நிலையைப் பற்றி இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் மேடையில் சொல்வதைவிட, பத்துதான் எழுதலாம் என்ற நிலையில் எதை எழுதினார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்லும்.

பேரவைச் செயலகத்திடம், அவர் எழுப்பிய வினாக்களின் பட்டியல்.

பொறி: "ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் "இது தகவல் அல்ல" என்று திருப்பி அனுப்புவார்கள். "தூர்வாரியது தொடர்பான கோப்பின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டிய விண்ணப்பம் என்றால் அவர்களே 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். "இங்கே இல்லை, அங்கே போங்கள்" என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

4. படிவம் 26-ஐப் படியுங்கள்

வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதுதான் படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் இலவசமாகக் கிடைக்கும், தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருப்பார்கள். பலரும் மொத்தச் சொத்து எத்தனை கோடி என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது வேறு பக்கங்களில் இருக்கிறது.

அசையாச் சொத்துப் பகுதியில் நிலங்கள் சர்வே எண்ணோடு இருக்கும். உங்கள் ஏரியை ஒட்டிய எண்கள், வரத்துக் கால்வாயை ஒட்டிய எண்கள் அதில் இருக்கின்றனவா என்று புலப்படத்தோடு வைத்துப் பாருங்கள். கணவர் அல்லது மனைவி பெயரில் உள்ளதையும் பாருங்கள். தொழில், வருமான வழி என்ற இடத்தில் கல்குவாரி, எம்-சாண்ட், மனை விற்பனை, சாயப்பட்டறை, செங்கல் சூளை என்று ஏதாவது இருக்கிறதா? பங்குகள் எந்த நிறுவனத்தில்? அரசோடு ஒப்பந்தம் உண்டா?

வழக்குகள் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது பெரிய தவறு. கனிமச் சட்டம், தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின் கீழ் வழக்கு இருந்தால் அது ஒரு கதை. பழைய தண்டனைச் சட்டத்தின் 143, 341, 188, புதிய சட்டத்தில் 189(2), 126(2), 223 என்று வரிசையாக இருந்தால் அது கூட்டம் கூடியதற்கும், சாலையை மறித்ததற்கும், தடையை மீறியதற்கும் போட்ட வழக்கு. ஆலைக்கு எதிராகப் போராடியவர் மீதும் இதே பிரிவுகள்தான் பாயும். எங்கள் பகுதியில் பதினொரு வழக்குகள் உள்ள ஒரு பெண் வேட்பாளரைப் பார்த்து முதலில் முகம் சுளித்தோம். முதல் தகவல் அறிக்கைகளைத் தேடிப் படித்தால் பெரும்பாலானவை மணல் லாரிகளை மறித்த வழக்குகள். அவரிடம் போய் வருத்தம் தெரிவித்தோம்.

பொறி: நீங்கள் கண்டுபிடித்ததை வைத்து "நில அபகரிப்பாளர்" என்று எதையும் எழுதிவிடாதீர்கள். ஏரியை ஒட்டி நிலம் வைத்திருப்பது குற்றம் இல்லை. சர்வே எண், பரப்பு, அவரே கொடுத்த விவரம், அவ்வளவுதான் நீங்கள் சொல்ல வேண்டியது.

5. வாக்குறுதியை நீங்களே எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வேட்பாளரிடம் "என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் அவர் வசதிப்படி ஒரு வாக்கியம் வரும். வாக்கியத்தை நீங்கள் எழுதி எடுத்துக்கொண்டு போய் "இதற்குச் சம்மதமா?" என்று கேளுங்கள்.

நாங்கள் எழுதியது இது:

"நான் தேர்ந்தெடுக்கப்பட்டால், ........ கிராமம், சர்வே எண் ........ ஏரியில் வடக்கு வரத்துக் கால்வாய் வழியாகக் கழிவுநீர் விழுவதைத் தடுக்கும் பணிக்கு, பதவியேற்ற 6 மாதத்துக்குள் நகராட்சியிடம் எழுத்து மூலம் மதிப்பீடு கோருவேன். அந்தக் கடிதத்தின் நகலைப் பொதுமக்களுக்குத் தருவேன். இந்த ஏரியின் நீர்ப்பரப்புக்குள் நடைபாதை, சாலை, கட்டடம் எதற்கும் என் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பரிந்துரைக்க மாட்டேன். முதல் நிதிநிலைக் கூட்டத்தொடரில் இதுபற்றி வினா கொடுப்பேன்."

நான்கு வாக்கியம்தான். நான்கும் ஒரு எம்.எல்.ஏ. தனியாக, யார் தயவும் இல்லாமல் செய்யக்கூடியவை. எதிர்க்கட்சியில் உட்கார்ந்தாலும் செய்யலாம். "ஏரியைச் சுத்தம் செய்து முடிப்பேன்" என்று எழுதினால் ஆட்சி வரவில்லை, பணம் ஒதுக்கவில்லை என்று நூறு காரணம் வரும். கடிதம் எழுதவில்லை என்பதற்குக் காரணம் சொல்வது கஷ்டம். மூன்றாவது வாக்கியம், 'செய்ய மாட்டேன்' என்று வருவது, எங்கள் அனுபவத்தில் வந்தது. செய்கிறேன் என்று சொல்லிச் செய்த வேலைதான் எங்கள் ஏரியைச் சுருக்கியது.

தவிர்க்க வேண்டிய சொற்கள்: மேம்பாடு, புனரமைப்பு, அழகுபடுத்துதல், பசுமை. இவற்றுக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். தூர்வாருதல், கழிவுநீரைத் திருப்புதல், எல்லைக்கல் நடுதல், ஆக்கிரமிப்பு அகற்றுதல், மதகைப் பழுதுபார்த்தல் என்று கையால் செய்யும் வேலையின் பெயரை எழுதுங்கள்.

ஆறு என்றால் இன்னும் கவனம் வேண்டும். திருப்பூரில் நொய்யலைப் பற்றிப் பேசாத தேர்தல் இல்லை. ஆனால் பெரிய மாற்றம் வந்தது, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான். அங்கே நான் இருந்தால் "நொய்யலைக் காப்பீர்களா?" என்று கேட்க மாட்டேன். "இந்த வார்டில் இயங்கும் பட்டறைகளில் எதெதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி) நடப்பில் இருக்கிறது என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கி வெளியிடுவீர்களா?" என்று கேட்பேன்.

6. கையெழுத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது இரண்டு வாரம்

நாட்களைப் புரிந்துகொள்ள 2021 தேர்தலை எடுத்துக்கொள்வோம். தேர்தல் அறிவிப்பு பிப்ரவரி 26. வேட்புமனு தொடங்கியது மார்ச் 12, கடைசி நாள் மார்ச் 19, பரிசீலனை 20, வாபஸ் 22. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. பிரசாரம் ஏப்ரல் 4 மாலையோடு முடிந்தது. ஆக, இறுதிப் பட்டியல் வந்ததிலிருந்து பிரசாரம் ஓயும் வரை 13 நாள். அதில் வேட்பாளர் ஓர் ஊருக்கு வருவது ஒரு தடவை, அதுவும் பத்து நிமிடம்.

தேர்தல் அறிவித்ததும் நடத்தை விதிகள் வந்துவிடும். அன்றிலிருந்து திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் நடக்காது, ஆட்சியரிடம் நேரில் மனு கொடுக்க முடியாது. அந்த வேலைகளை முன்பே முடித்துவிடுங்கள். கிராமமாக இருந்தால் ஜனவரி 26 கிராம சபையில் உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி நகல் வாங்கி வையுங்கள். "பத்துப் பேர் கேட்கிறார்கள்" என்பதற்கும் "கிராம சபை கேட்கிறது" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வேட்பாளரின் முகத்திலேயே பார்க்கலாம்.

முதல் தடவை நாங்கள் கடிதத்தைத் திறந்த ஜீப்பில் நின்றிருந்தவரிடம் நீட்டினோம். அவர் வாங்கிக் கும்பிட்டுப் பின்னால் கொடுத்தார். பின்னால் நின்றவர் அதைச் சால்வைகள் கிடந்த மூட்டையில் போட்டார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னால் வந்தார்கள், வண்டி நகர்ந்துவிட்டது. எங்களிடம் நகல்கூட இல்லை.

இப்படிச் செய்யுங்கள்: வாபஸ் நாளுக்கு மறுநாளே, எல்லா வேட்பாளர்களின் தலைமைத் தேர்தல் முகவருக்கும் ஒரே கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வையுங்கள். இரண்டு நாள் கழித்துக் காலை ஏழு மணிக்குத் தேர்தல் பணிமனைக்கு நேரில் போங்கள். ஏழரைக்கு மேல் வேட்பாளர் கிளம்பிவிடுவார். மூன்று பிரதி எடுத்துப் போங்கள்: ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று முகவரின் கையெழுத்து. பெண்கள் இரண்டு பேராவது உடன் வரட்டும், எங்களுக்கு உட்கார நாற்காலி கிடைத்தது அவர்கள் வந்த நாளில்தான்.

கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம். "எந்த வாக்கியத்தில் சிக்கல், நீங்களே திருத்துங்கள்" என்று பேனாவைக் கொடுங்கள். ஒரு வேட்பாளர் "6 மாதம்" என்பதை அடித்து "ஒரு வருடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது எங்களுக்குப் பெரிய நிம்மதி. யோசித்துத் திருத்துபவர் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தக் காகிதத்தைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வாக்குறுதியை நிறைவேற்றவில்லை என்பதற்காகப் பதவி போகாது. பத்திரிகைக்காரர் கேட்கும்போதும், அடுத்த தேர்தலில் அவர் அதே கலங்கலுக்கு வரும்போதும்தான் இதற்கு மதிப்பு.

7. வெளியிடும்போது சட்டம் தெரிந்து வெளியிடுங்கள்

பதில்களைத் துண்டறிக்கையாக அச்சடிப்பது என்றால் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி கட்டாயம் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-அ பிரிவு இது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளியிடுபவர் தன் அடையாளத்தை உறுதிசெய்து, தன்னைத் தெரிந்த இரண்டு பேர் சான்றொப்பமிட்ட அறிக்கையை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அச்சகக்காரர் அது வேண்டாம் என்று சொன்னாலும் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வேட்பாளருக்காக, அவருடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் செலவு செய்து பிரசாரம் செய்வதும் குற்றம்தான். அதனால் "இவருக்கு வாக்களியுங்கள்" என்று எழுதாதீர்கள். ஒரே அட்டவணையில் எல்லா வேட்பாளர்களின் பதிலையும் வேட்புமனுப் பட்டியலின் வரிசையிலேயே போடுங்கள். பதில் தராதவருக்கு "பதில் வரவில்லை (கடிதம் கொடுத்த தேதி...)" என்று போடுங்கள்.

கூட்டம் போடுவது என்றால் போலீஸ் அனுமதியும் தேர்தல் நடத்தும் அலுவலரின் அனுமதியும் வேண்டும், ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் எந்தக் கூட்டமும் கூடாது. கூட்டம் எங்களுக்குச் சரிப்படவில்லை. மூன்று வேட்பாளர்களை ஒரே நாளில் ஒரே மேடைக்குக் கொண்டுவர முடியவில்லை. துண்டறிக்கையே போதுமாக இருந்தது.

8. ஜெயித்த பிறகு மதிப்பீட்டைப் படியுங்கள்

ஒரு வேலை எப்படி நடக்கிறது என்றால், முதலில் அறிவிப்பு, பிறகு அரசாணை, நிர்வாக ஒப்புதல், மதிப்பீடு, டெண்டர், பணி ஆணை. மக்கள் விழித்துக்கொள்வது பொக்லைன் வந்து நிற்கும்போது. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நீங்கள் தலையிட வேண்டியது மதிப்பீட்டுக்கும் டெண்டருக்கும் நடுவில்.

எங்கள் ஏரிக்கு நடைபாதை வந்தபோது தயாரித்த மதிப்பீட்டைப் பிற்பாடு ஆர்.டி.ஐ.யில் வாங்கினேன். நீளமான அட்டவணை: வேலையின் விவரம், அளவு, விகிதம், தொகை. தலைப்பில் 'ஏரி மேம்பாட்டுப் பணி' என்று இருந்தது. உள்ளே மண் நிரப்புதல், பேவர் பிளாக், விளிம்புக் கல், துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடி, விளக்குக் கம்பம், பெயர்ப் பலகை. 'கழிவுநீர்' என்ற சொல்லை விரலை வைத்துத் தேடினேன். ஒரு வரியிலும் இல்லை. 'தூர்வாருதல்' என்று ஒரே ஒரு வரி இருந்தது, அதன் அளவு கரையை உயர்த்தத் தேவையான மண்ணின் அளவேதான். ஆறு மாதம் முன்பு இந்தக் காகிதம் கிடைத்திருந்தால் வேலையை நிறுத்திவைத்துத் திருத்தச் சொல்லியிருக்கலாம்.

அதனால், பதவியேற்பு முடிந்ததும் நாட்காட்டியில் மூன்று தேதிகளைக் குறியுங்கள். 6 மாதம்: நகராட்சிக்கு எழுதிய கடிதத்தின் நகல் எங்கே என்று எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் நகராட்சியிடம் ஆர்.டி.ஐ. போடுங்கள். நிதிநிலைக் கூட்டத்தொடர்: நீர்வளத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும், இணையத்தில் கிடைக்கும், உங்கள் ஏரியின் பெயரைத் தேடுங்கள். மூன்றாவது, மாதம் ஒருமுறை அரசின் டெண்டர் இணையதளத்தில் உங்கள் ஊரின் பெயரைப் போட்டுப் பாருங்கள், மதிப்பீட்டு அட்டவணையும் அங்கேயே இருக்கும்.

அமைச்சர் பேரவையில் "செய்து தரப்படும்" என்று பதில் சொல்லிவிட்டால் அது பெரிய பிடி. அப்படிச் சொன்னவற்றைப் பின்தொடரவே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அது மாவட்டங்களுக்கு ஆய்வுக்கும் வரும். மனுக்கள் குழுவும் அப்படியே வரும், வருவதற்கு முன் மனு கேட்டு அறிவிப்பு கொடுப்பார்கள். அறிவிப்பில் சொன்ன எண்ணிக்கையில் நகல் எடுத்து, கடைசித் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சின்னதாக வரும். நாங்கள் ஒரு முறை அதைத் தவற விட்டோம். இப்போது டீக்கடையில் பேப்பர் படிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதற்காகவே தினமும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்.

9. செலவும் கோப்பும்

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு நான்காயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. அதில் பெரும்பகுதி துண்டறிக்கை அச்சடித்ததற்கு. ஆர்.டி.ஐ. ஐந்து விண்ணப்பம் 50 ரூபாய், நகல்கள் 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், மீதி அஞ்சலும் பேருந்தும். பத்துப் பேர் பிரித்துக்கொண்டோம். யாரிடமும் நன்கொடை வாங்கவில்லை, வாங்கினால் எந்தக் கட்சிப் பணம் என்ற பேச்சு வந்துவிடும்.

கையெழுத்து வாங்கிய மூலப் பிரதியை ஒருவரே வைத்திருக்காதீர்கள். ஒரு கட்சியோடு நெருக்கமாகிவிட்டால், வெளியூர் போய்விட்டால் காகிதமும் போய்விடும். எங்களிடம் மூலப் பிரதி ஒரு வீட்டிலும், வண்ண நகல்கள் மூன்று வீடுகளிலும் இருக்கின்றன. கோப்பில் மேலிருந்து கீழாக இப்படி அடுக்கியிருக்கிறோம்: கையெழுத்திட்ட வாக்குறுதி, முகவரின் ஒப்புகை, அஞ்சல் ரசீது, 'அ' பதிவேட்டு நகல், புலப்படம், கிராம சபைத் தீர்மானம், படிவம் 26-இன் தொடர்புடைய பக்கங்கள், ஆர்.டி.ஐ. பதில்கள், தேதி போட்ட படங்கள். படங்களுக்குப் பின்னால் எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். வடக்குக் கால்வாயை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அதே பனைமரத்தடியில் நின்று எடுக்கிறோம்.